பழைய அனிமே படங்களின் 4கே வட்டுகள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

1980களிலும் 90களிலும் வெளிவந்த அனிமே எனப்படும் ஜப்பானிய ஓவியத் திரைப்படங்கள் இப்போது 4கே அல்ட்ரா எச்டி வட்டுகளாக, உலோகப் பெட்டி, சிறு நூல், அஞ்சலட்டை ஆகியவற்றோடு மறுபடியும் விற்பனைக்கு வருகின்றன. விசிடியில் ஒரு முறை, டிவிடியில் ஒரு முறை, புளூ-ரேயில் ஒரு முறை என்று ஒரே படத்துக்கு ஏற்கெனவே மூன்று முறை காசு கொடுத்தவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர் இருக்கிறோம். நான்காவது முறையும் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பது நியாயமே. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் வரைந்து படச்சுருளில் பதிவு செய்த படமாக இருந்து, அந்தச் சுருளையே புதிதாக ஸ்கேன் செய்து, அதன் மேல் அளவுக்கு மீறிக் கைவைக்காமல் விட்டிருந்தால் தயங்காமல் வாங்கலாம். கணினியில் வண்ணம் தீட்டிய 2000களின் படமாக இருந்தால் புளூ-ரேயே போதும். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் '4கே' இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை என்பதால்தான் வாங்குபவர் கொஞ்சம் விவரம் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

காரணம் படம் எடுக்கப்பட்ட முறையிலேயே இருக்கிறது. 1990களின் பிற்பகுதி வரை ஜப்பானிய அனிமே ஏறக்குறைய முழுவதும் 'செல்' எனப்படும் ஒளி ஊடுருவும் தாளில்தான் உருவானது. பென்சில் கோடுகளை அந்தத் தாளின் முன்பக்கத்துக்கு மாற்றி, பின்பக்கத்தில் வண்ணம் பூசி, போஸ்டர் கலர் கொண்டு தீட்டிய பின்னணி ஓவியத்தின் மேல் தாள்களை அடுக்கி வைத்து, மேலிருந்து நோக்கும் கேமராவால் சட்டம் சட்டமாக (ஃப்ரேம்) படம் பிடித்தார்கள். தொலைக்காட்சித் தொடர்கள் பெரும்பாலும் 16 மிமீ சுருளில் பதிவாயின; திரைப்படங்கள் 35 மிமீ சுருளில் பதிவாயின. அந்த 35 மிமீ சுருளில் பதிந்திருந்த நுணுக்கத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் 720×480 புள்ளிகள் கொண்ட டிவிடியால் காட்ட முடிந்தது. 1920×1080 புள்ளிகள் கொண்ட புளூ-ரே பெரும்பகுதியைக் காட்டிவிட்டது. 3840×2160 புள்ளிகள் கொண்ட 4கே வட்டு மிச்சம் மீதியைக் காட்டுகிறது. ஆகவே டிவிடியிலிருந்து நேராக 4கே வட்டுக்குத் தாவுகிறவருக்குப் படமே வேறாகத் தோன்றும். நல்ல புளூ-ரே கையில் இருப்பவருக்கு வித்தியாசம் குறைவு, அதுவும் கூர்மையில் தெரிவதைவிட வண்ணத்திலும் ஒளியிலுமே அதிகம் தெரியும்.

கட்சுஹிரோ ஓட்டோமோ இயக்கத்தில் 1988-இல் வெளிவந்த 'அகிரா'வை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். மூல நெகட்டிவிலிருந்து எடுத்த 35 மிமீ மாஸ்டர் பாசிட்டிவ் சுருளை 4கே தரத்தில் ஸ்கேன் செய்து, மிகு ஒளியையும் ஆழ்ந்த இருளையும் ஒருசேரக் காட்டும் எச்டிஆர் ஒளியமைப்பும் சேர்த்து, 2020-இல் ஜப்பானிலும் அதையடுத்து அமெரிக்காவிலும் இதன் வட்டு வெளியானது. படத்தில் 327 வண்ணங்கள் பயன்பட்டன, அவற்றில் 50 இந்தப் படத்துக்காகவே உருவாக்கப்பட்டவை என்ற செய்தியை ரசிகர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆனால் அத்தனை வண்ணங்களும் எங்கே போயின என்று டிவிடியைப் பார்த்தவர்கள் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் கதையின் பெரும்பகுதி இரவில் நடக்கிறது, இரவுக் காட்சிகளோ அந்த வட்டில் ஒரே கருமையாக அமுங்கிக் கிடந்தன. புதிய வட்டில் கதை நடக்கும் கற்பனை நகரமான நியோ-டோக்கியோவின் கட்டடங்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் பிரிந்து தெரிகின்றன. நிழலுக்குள்ளேயே நீலமும் பச்சையும் செம்பழுப்பும் வேறுவேறாக நிற்கின்றன.

தொடக்கத்தில் வரும் மோட்டார்சைக்கிள் துரத்தலை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்வேன். வண்டிகள் திரும்பும்போது பின்விளக்குகளின் ஒளி சிவப்புக் கோடுகளாக நீண்டு, காற்றில் சற்று நேரம் தங்கிப் பிறகு கரைகிறது. இத்தகைய ஒளியை அக்கால அனிமே ஒளிப்பதிவாளர்கள் பெரும்பாலும் வண்ணப்பூச்சால் உண்டாக்கவில்லை. கருப்புத் தாளில் வேண்டிய வடிவத்தை வெட்டி, அந்தத் திறப்பின் வழியே கீழிருந்து விளக்கொளியைச் செலுத்தி, ஏற்கெனவே பதிவான அதே சட்டத்தில் இரண்டாம் முறையாகப் பதிவு செய்தார்கள். சுருளில் விழுந்தது உண்மையான வெளிச்சம் என்பதால் அதற்கும் சுற்றியுள்ள வண்ணத்துக்கும் இருந்த ஒளி வேறுபாடும் சுருளிலேயே பதிந்திருக்கிறது. டிவிடியும் சாதாரண புளூ-ரேயும் அந்த வேறுபாட்டைச் சுருக்கித்தான் காட்ட முடிந்தது. எச்டிஆர் என்பது தொலைக்காட்சிக் கடைக்காரர்களின் விளம்பரச் சொல் என்று ஒதுக்குபவர்கள்கூட இந்தக் காட்சியைப் பார்த்தால் சற்று யோசிப்பார்கள். இதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. திரையின் ஒளியை 'நிட்' என்ற அலகில் அளப்பார்கள். திரையரங்கின் வெண்திரையில் உச்ச ஒளி ஏறக்குறைய 48 நிட்தான்; வீட்டுத் தொலைக்காட்சிகள் பல நூறு நிட் வரை போகின்றன. 1988-இல் அரங்கில் அமர்ந்தவர் எவரும் இந்தப் பின்விளக்கை இவ்வளவு பிரகாசமாகப் பார்த்திருக்க முடியாது. நாம் இப்போது பார்ப்பது இன்றைய வண்ணத் திருத்தக் கலைஞர் செய்த ஒரு தேர்வு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. 'அகிரா'வில் அந்தத் தேர்வு படத்துக்குப் பொருந்தியிருக்கிறது என்பது என் கருத்து.

மறுசீரமைப்பில் படம் கெட்டுப்போவது பெரும்பாலும் வேறோர் இடத்தில். படச்சுருளில் பதிவான எந்தப் படத்திலும், வெயில் விழும் அறையில் மிதக்கும் தூசியைப் போல, நுண்ணிய துகள் அசைவு ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இது கறையன்று, ஓவியத்தைச் சுமக்கும் பொருளே இதுதான். பளபளவென்று புதுப்படம் போல் இருந்தால்தான் விற்கும் என்று நினைக்கும் நிறுவனங்கள் கணினி வழி இதைத் துடைத்தெடுக்கின்றன. அப்படித் துடைக்கும்போது துகள் மட்டும் தனியாகப் போவதில்லை. பென்சில் கோட்டின் தடிப்பு மெலிவு போய் எல்லாக் கோடும் ஒரே கம்பி போல ஆகிவிடும். பின்னணி ஓவியத்தில் தூரிகை இழுத்த தடம் மறைந்துவிடும். வேகமான அசைவில் முகங்களின் ஓரம் மெழுகாகக் கரையும். தூசியிலும் இரண்டு வகை உண்டு. படம் பிடிக்கும்போதே செல்லின் மேல் இருந்த தூசி படத்தோடு சேர்ந்து பதிவானது. பல ஆண்டு கழித்துச் சுருளின் மேல் படிந்த தூசியும் கீறலும் பிற்காலச் சேதம். பின்னதை நீக்குவது கடமை. முன்னதைத் தொடுவதா வேண்டாமா என்பதில் நல்ல கலைஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் தொடாமல் விடச் சொல்லும் கட்சி. உற்றுப் பார்த்தால் பழைய அனிமே படங்களில் பாத்திரத்தின் ஓரத்தில் மிக மெல்லிய நிழல் ஒன்று பின்னணியின் மேல் விழுந்திருக்கும். தாள் பின்னணியோடு முழுதாக ஒட்டாமல் மயிரிழை உயரத்தில் நின்றதால் ஏற்பட்ட நிழல் அது. நல்ல 4கே வட்டு அதைக் காட்டும், ஒரு மேசையின் மேல் யாரோ கையால் வைத்த தாள்களைப் பார்க்கிறோம் என்ற உணர்வையும் தரும். துடைத்து வழித்த வட்டில் அந்த நிழலைத் தேடினாலும் கிடைக்காது.

மாமோரு ஓஷீயின் 'கோஸ்ட் இன் த ஷெல்' (1995) இந்த விவகாரத்தின் இன்னொரு முகம். 2008-இல் ஓஷீயே இதற்கு '2.0' என்று ஒரு புதிய வடிவம் செய்தார். சில காட்சிகளை முப்பரிமாணக் கணினி வரைகலையால் மாற்றினார். படம் முழுவதும் ஓடிய பச்சைச் சாயலை ஆரஞ்சுச் சாயலாக்கினார். ஒலியை மறுபடி கலந்தார். ஒரு முக்கியப் பாத்திரத்தின் குரலையும் ஆண் குரலிலிருந்து பெண் குரலாக மாற்றினார். இயக்குநருக்கு அந்த உரிமை இருக்கலாம். ஆனால் வாங்குபவருக்கு எது எந்த வடிவம் என்று தெரிய வேண்டும். இணையக் கடைகளில் அட்டைப் படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் மூலப் படம் என்று நினைத்து '2.0' வந்து சேர வாய்ப்புண்டு. ஜப்பானில் 2018-இலும் அமெரிக்காவில் 2020-இலும் வந்த 4கே வட்டுகளில் இருப்பது 1995-ஆம் ஆண்டின் மூலப் படம். ஹாங்காங்கை மனத்தில் வைத்து வரைந்த அந்நகரத்தின் கால்வாயும் மழையும் விளம்பரப் பலகைகளும், உரையாடலே இல்லாமல் கென்ஜி கவாயின் இசையோடு மூன்று நிமிடத்துக்கு மேல் நகரும் பகுதிக்காகவே இந்த வட்டை வைத்திருக்கலாம். ஈரச் சுவரின் அழுக்கும், பலகைகளின் எழுத்தும், படகில் போகிறவர் நிமிர்ந்து பார்க்கும் இடுக்கு வானமும் அவ்வளவு தெளிவாக இருக்கின்றன. அதே படத்தில் கணினி உதவியால் செய்த சில காட்சிகள் மட்டும் மற்றவற்றைவிட மங்கலாகத் தெரிவதைக் கவனிக்கலாம். கணினியில் உருவாக்கிப் பிறகு சுருளுக்கு மாற்றியபோது எவ்வளவு நுணுக்கம் இருந்ததோ அவ்வளவுதான் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் கிடைக்கும்.

அந்த மங்கலான சில காட்சிகளின் நிலைதான் 2000களின் படங்களில் முழுப் படத்துக்கும் ஏற்படுகிறது. ஜப்பானிய அனிமே நிறுவனமான ஜிப்லி 1997-இல் 'பிரின்சஸ் மொனோனோகே'யில் ஒரு சிறு பகுதியைக் கணினியில் வண்ணம் தீட்டியது; 1999-இல் வெளிவந்த 'மை நெய்பர்ஸ் த யமடாஸ்' முழுவதும் கணினியில் உருவானது. அதன் பிறகு வந்த படங்களில் திரும்பிப் போய் ஸ்கேன் செய்யக் கூடுதல் நுணுக்கம் கொண்ட மூலச் சுருள் என்று ஒன்று இல்லை. வேலை முடிந்தபோது கோப்பில் இருந்த புள்ளிகளே மூலம். அவற்றை 4கே அளவுக்குப் பெரிதாக்கி விற்பதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், விலை மட்டும் உறுத்துகிறது. இத்தகைய படங்களில் நாம் பார்க்க வேண்டியது புள்ளிகளின் எண்ணிக்கையை விட்டு வண்ணத்தை. 'ஸ்பிரிட்டட் அவே' (2001) இதற்குத் தெளிவான பாடம். 2002-இல் ஜப்பானில் வந்த அதன் டிவிடி திரையரங்கில் கண்டதைவிடச் சிவந்திருந்தது என்று வாங்கியவர்கள் புகார் செய்தார்கள், வழக்கும் போட்டார்கள். 2014-இல் வந்த ஜப்பானியப் புளூ-ரேயில்தான் அந்தச் சிவப்பு அகன்றது. அந்தப் புளூ-ரே கையில் இருப்பவர் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

ஒலி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய பன்முக ஒலிக்கலவை மட்டும் இருந்து, திரையரங்கில் ஒலித்த பழைய ஸ்டீரியோ விடுபட்டிருந்தால் அது குறைதான், பின்னட்டையில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிப்லி இயக்குநர் ஹயாவோ மியசாக்கியின் 'காசில் இன் த ஸ்கை' (1986) படத்தின் டிஸ்னி ஆங்கிலப் பதிப்புக்காக ஜோ ஹிசாய்ஷி இசையை விரிவாக்கிப் புதிதாக அமைத்துக்கொடுத்தார். மூலப் படத்தில் அமைதியாக விடப்பட்டிருந்த இடங்களிலும் அதில் இசை ஒலிக்கும். எந்த மொழி ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் படத்தின் தன்மையே மாறிவிடும். ஜப்பானிய ஒலியை வைத்துக்கொண்டு ஆங்கில வசன வரிகளோடு பார்ப்பதே என் பழக்கம், பரிந்துரையும் அதுவே. 'அகிரா'வின் இசை எவ்வளவு உயர்ந்த தரத்தில் இருந்தாலும், இரவு பத்தரைக்கு மேல் அடுக்குமாடி வீட்டில் அதன் மேளங்களை முழக்கினால் மேல்மாடியும் கீழ்மாடியும் சும்மா இரா.

இனி நம் வீட்டு நிலைமை. நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் 55 அங்குலத் தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டி, எதிர்ச் சுவரோரம் சோபா போட்டால் இடைவெளி இரண்டரை மீட்டருக்குக் குறையாது. சராசரிப் பார்வையுள்ளவருக்கு அந்த அளவுத் திரையில் 1080 வரிகளைத் தாண்டிய நுணுக்கம் ஏறக்குறைய 2.2 மீட்டருக்கு அப்பால் தெரியாது; கணக்குப் போட்டுப் பார்த்தாலே விளங்கும். சோபாவை முன்னால் இழுத்துப்போட வீட்டில் அனுமதி கிடைக்காத குடும்பங்களில் 4கே வட்டின் கூர்மைக்காகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண், அதன் எச்டிஆர் வண்ணத்துக்காகக் கொடுக்கும் காசு வீணன்று. தொலைக்காட்சியில் அசைவைச் சீராக்கும் வசதியை அணைத்துவிட்டுத்தான் எந்த அனிமேயையும் பார்க்க வேண்டும். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடினாலும் பல காட்சிகளில் 12 ஓவியங்களே இருக்கும். இடையில் இல்லாத ஓவியங்களைத் தொலைக்காட்சி தானே கற்பனை செய்தால் வரைந்தவரின் தாளக்கட்டு குலைந்துவிடும். வட்டை ஓட்டத் தனிக் கருவி வாங்குவது இப்போது சிரமம். ஓப்போ 2018-இலும் சாம்சங் 2019-இலும் இத்துறையை விட்டு விலகிவிட்டன. வட்டு செருகும் பகுதி உள்ள பிளேஸ்டேஷன் 5 பிள்ளைகளுக்காக ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதுவே போதும். எச்டிஆர் வகைகளில் அது டால்பி விஷனைக் காட்டாது, எச்டிஆர்10 வடிவில் காட்டும்.

நெட்ஃபிளிக்ஸ் இருக்கும்போது வட்டு எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியிலிருந்து ஜிப்லி படங்கள் அங்கே வரத் தொடங்கின. அமெரிக்காவும் கனடாவும் ஜப்பானும் அந்த ஏற்பாட்டில் இல்லை, நாம் இருந்தோம். பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்க அது தாராளமாகப் போதும், அதற்கு மேல் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் 4கே ஒளிபரப்புக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். 4கே வட்டு 100 மெகாபிட்டையும் தாண்டித் தரக்கூடியது. நம் வீடுகளுக்கு எவ்வளவு வேகமான இணைப்பு வந்தாலும் சேவை நிறுவனம் அனுப்புவது அவ்வளவுதான். துகள் அசைவு சட்டத்துக்குச் சட்டம் மாறுவதால் சுருக்கி அனுப்புவதற்கு அதுதான் மிகக் கடினம். முதலில் பலியாவதும் அதுவே. ஜிப்லியின் சீரான வண்ணப் பரப்புகள் இந்தச் சுருக்கத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும், 'அகிரா'வின் புகையும் இடிபாடும் தாங்குவதில்லை. பெரிய திரையில் பழைய படம் பார்க்கும் வாய்ப்பும் இங்கே சுருங்கிவருகிறது, 2025-இல் தி புரொஜெக்டர் திரையரங்கு மூடப்பட்டது ரசிகர்களுக்குப் பேரிழப்பு.

வாங்கும் வழி பற்றி: இசை, பட வட்டுக் கடையான எச்எம்வி 2015-இல் மூடிய பிறகு கடையில் நின்று பின்னட்டையைத் திருப்பிப் படித்து வாங்கும் பழக்கம் ஏறக்குறைய ஒழிந்தது, தேக்காவில் தமிழ்ப் பட வட்டு தேடுகிறவருக்கும் இதே கதிதான். வெளிநாட்டு இணையக் கடைகளே கதி. நல்ல வேளையாக, எந்த வட்டாரக் கருவியில் வட்டு ஓடும் என்று வகுக்கும் புளூ-ரே வட்டாரப் பிரிவில் சிங்கப்பூர், ஜப்பான், அமெரிக்கா மூன்றும் 'ஏ' பிரிவில் இருக்கின்றன. டிவிடி காலத்தில் நாம் 3, ஜப்பான் 2, அமெரிக்கா 1 என்று சிதறிக் கிடந்த தொல்லை இல்லை. பிரிட்டனின் புளூ-ரே 'பி' பிரிவு என்பதால் நம் கருவியில் ஓடாமல் போகலாம். 4கே வட்டுகளுக்கு வட்டாரப் பூட்டே கிடையாது. ஆனால் ஒரே பெட்டியில் 4கே வட்டும் புளூ-ரே வட்டும் சேர்ந்து வரும்போது, கூடுதல் காட்சிகள் புளூ-ரேயில் மட்டும் இருந்து அதற்குப் பூட்டும் இருந்தால் பாதிப் பொருள்தான் கைக்கு வந்ததாகும். ஜப்பானியப் பதிப்புகளின் அச்சும் பெட்டியும் அழகு, விலை எட்டாது, பலவற்றில் ஆங்கில வசன வரியும் இருக்காது. அமெரிக்கப் பதிப்பு பாதி விலைக்கும் கீழே கிடைக்கும், வசன வரியும் இருக்கும். படிப்பதற்கன்றிப் பார்ப்பதற்காக வாங்குகிறவருக்கு அதுவே நியாயமான தேர்வு. 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்கு மேற்படாத இணையக் கொள்முதலுக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. அஞ்சல் செலவையும் கூட்டினால் பட்டியல் விலையைவிட நன்றாகவே ஏறிவிடும். இரண்டு மூன்று படங்களைச் சேர்த்து வரவழைப்பதே கட்டுப்படியாகும். உலோகப் பெட்டிப் பதிப்புக்காகக் கூடுதலாகக் கொடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். குமிழி உறை ஒரு சுற்று மட்டும் சுற்றி அனுப்பிய ஒரு விற்பனையாளரிடமிருந்து எனக்கு வந்த பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி அவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார், அவர் சொன்னதில் வட்டைப் பற்றிய பகுதி உண்மைதான்.

இப்போதைக்கு என் பட்டியல் இவ்வளவுதான்: 'அகிரா' கட்டாயம், 'கோஸ்ட் இன் த ஷெல்' அடுத்தது. ஓஷீயின் 'ஏஞ்சல்ஸ் எக்' (1985) 4கே மறுசீரமைப்பு 2025-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இருளும் நீரும் நிழலுமாகவே வரைந்த படம் என்பதால் இந்த வடிவத்தால் மிக அதிகம் பயன்பெறக்கூடியது அதுவே என்று எதிர்பார்க்கிறேன். 'பிரின்சஸ் மொனோனோகே' 4கே மறுசீரமைப்பு 2025-இல் ஐமேக்ஸ் அரங்குகளுக்கு வந்தது. 2024-இல் வட்டாக வந்த 'த பாய் அண்ட் த ஹெரன்' படத்தைத் தவிர ஜிப்லியின் கைவரைவுப் படங்களை 4கே வட்டில் காண ரசிகர்கள் நெடுங்காலம் காத்திருந்தவர்கள். ஆகவே ஜிப்லியின் செல் காலப் படங்களைப் புளூ-ரேயில் இன்னும் வாங்காதவர்கள் அவசரப்படாமல் பொறுத்திருக்கலாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் அவற்றைக் கேமரா வைக்கும் ஈரப்பத நீக்கப் பெட்டியில் ஓர் ஓரமாக வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அட்டையும் சிறு நூலும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும்.